வாய் மூடிய பூவும் கலைந்த குடும்பமும்

மருந்துக்கடையில் பொட்டலமாகக் கிடைக்கும் இசப்கோல், வாய்க்கால் ஓரத்து ஈரத்தில் படரும் நீர்ப்பிரமி, ஐரோப்பாவில் ரயில் பாதையோரச் சரளைக்கற்களுக்கு நடுவே மஞ்சளாகப் பூத்து நிற்கும் லினேரியா. இந்த மூன்றையும் ஒரே மேசையில் வைத்தால் யாரும் உறவென்று சொல்லமாட்டார்கள். முதலாவதன் பூவைப் பூ என்று ஒப்புக்கொள்ளவே பலருக்கு மனம் வராது. காய்ந்த சவ்வு போன்ற துணுக்குகள் கதிராக நெருங்கியிருக்கும், அவ்வளவுதான். இரண்டாவது, வெளிர் நீலத்தில் ஐந்து மடல்களோடு ஏறக்குறைய வட்டமாக விரியும். மூன்றாவதற்கு மேலுதடு, கீழுதடு, பின்னால் நீண்ட வால் என்று விசேஷமான அமைப்பு உண்டு. ஆனால் இன்றைய தாவரவியலில் மூன்றும் ஒரே குடும்பம்: பிளான்டாஜினேசியே.

முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய பாடநூல் எதையாவது புரட்டினால் இந்த ஏற்பாடு இருக்காது. லினேரியாவும் நீர்ப்பிரமியும் அங்கே ஸ்குரோபுலாரியேசியே என்ற பெரிய குடும்பத்தில் இருக்கும். இசப்கோல் வேறொரு சிறு குடும்பத்தில் தனியாக இருக்கும். இந்த மாற்றம் டி.என்.ஏ. ஆய்வால் வந்தது என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் பூவின் முகத்தைப் பார்த்து உறவு சொல்வது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதே லினேரியா 18-ஆம் நூற்றாண்டிலேயே சாட்சி சொல்லியிருந்தது. அந்தச் சாட்சியத்தின் பொருள் விளங்கத்தான் இரண்டரை நூற்றாண்டு ஆனது.

லினேரியா பேரினத்தில் ஏறத்தாழ 150 சிற்றினங்கள் உள்ளன. மத்தியதரைக் கடலைச் சுற்றிய நிலங்களில்தான் அவை மிகுதி. ஆங்கிலத்தில் டோட்ஃபிளாக்ஸ் என்பார்கள். ஆளிவிதைச் செடியின் இலையைப் போல ஒடுங்கிய இலை இருப்பதால் பூக்காத காலத்தில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். ஆளியின் லத்தீன் பெயரான லினத்திலிருந்தே லினேரியா வந்தது. பேரினத்தில் பரவலாகத் தெரிந்த சிற்றினம் லினேரியா வல்காரிஸ். இளமஞ்சள் பூ, அதன் கீழுதட்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு புடைப்பு.

அந்தப் புடைப்புதான் பூவின் கதவு. அது மேலெழும்பி மேலுதட்டோடு ஒட்டிக்கொள்வதால் பூ விரிந்த பிறகும் வாய் மூடியே இருக்கும். தேன் இருப்பது பூவின் பின்புறம் தொங்கும் ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள குழலின் நுனியில். சிறு பூச்சிகளுக்குக் கதவு திறக்காது. உடல் பருத்த பம்பிள் தேனீ கீழுதட்டில் இறங்கினால் அதன் பாரத்தில் வாய் திறக்கும். அது தலையை உள்ளே நுழைத்து நாக்கை நீட்டும்போது, மேலுதட்டின் அடியில் ஒளிந்திருக்கும் மகரந்தத்தாள்கள் அதன் முதுகில் பொடியைப் பூசும். காசித்தும்பைப் பூவின் பின்னால் வளைந்த வாலைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தேன்குழல் புதிதாகத் தோன்றாது. ஆனால் காசித்தும்பைக்கும் இதற்கும் நெருங்கிய உறவு கிடையாது. இரண்டு வம்சங்கள் தனித்தனியே கண்டுபிடித்த உத்தி அது.

கதவும் பூட்டும் இருக்கிற இடத்தில் திருட்டும் இருக்கிறது. நாக்குக் குட்டையான பம்பிள் தேனீக்கள் முன்வாசலை விட்டுவிட்டு, குழலின் பக்கவாட்டில் கடித்துத் துளையிட்டுத் தேனை உறிஞ்சும். துளை போடத் தெரியாத பிற தேனீக்கள் அதே துளையைப் பின்னால் வந்து பயன்படுத்திக்கொள்ளும்.

இதே வகை மூடிய வாய் ஆண்டிரைனத்துக்கும் உண்டு. ஊட்டி தாவரவியல் பூங்காவின் மலர்க்காட்சிக்குத் தொட்டி தொட்டியாக வைக்கப்படும் செடிகளில் அதுவும் ஒன்று. பூவின் கன்னங்களை இரு விரலால் அழுத்தினால் வாயைத் திறந்து மூடும். குழந்தைகள் அதை விட்டு நகரமாட்டார்கள். ஆண்டிரைனத்துக்கு வால் இல்லை, அடியில் சிறு பை மட்டுமே. இன்னொரு நெருங்கிய உறவு சிம்பலேரியா முராலிஸ். ஐரோப்பாவின் பழைய கற்சுவர்களில் படர்ந்து கிடக்கும் ஊதாப் பூ. இதன் பூக்காம்பு முதலில் வெளிச்சத்தை நோக்கி நீளும். கருவுற்றதும் குணம் மாறிவிடும். காம்பு வெளிச்சத்துக்கு முதுகு காட்டி வளைந்து, காயைச் சுவரின் இடுக்குக்குள் கொண்டுபோய் வைக்கும். சுவரில் வாழும் செடி விதையைக் கீழே உதிர்த்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் இந்த ஏற்பாட்டின் அருமை புரியும். எனக்கு இந்தக் குடும்பத்திலேயே மிகவும் பிடித்த செயல் இதுதான்.

மேலும் கீழும் வேறு, இடமும் வலமும் ஒன்று என்ற இந்த அமைப்பை இருபக்கச் சமச்சீர் என்பார்கள். தும்பை, எள், துளசி எல்லாவற்றின் பூக்களும் இப்படித்தான். செம்பருத்தி, ஊமத்தை போன்றவை ஆரச் சமச்சீர் கொண்டவை. நடுவழியே எந்த இதழோடு வெட்டினாலும் இரு பாதிகளும் ஏறக்குறைய ஒத்திருக்கும். இருபக்கச் சமச்சீரோடு சேர்ந்து இன்னொரு மாற்றமும் வரும். இதழ் மடல்கள் ஐந்தாக இருந்தாலும் மகரந்தத்தாள்கள் நான்குதான். இரண்டு நீளம், இரண்டு குட்டை. ஐந்தாவது வளராமல் நின்றுவிடும்.

இந்தக் கணக்கின்மீதுதான் 18-ஆம் நூற்றாண்டு ஸ்வீடன் தாவரவியலாளர் கார்ல் லின்னேயஸ் தன் வகைப்பாட்டையே கட்டினார். எத்தனை மகரந்தத்தாள், எந்த நீளம் என்பதைப் பார்த்துத் தாவரங்களை வகுப்புகளாகப் பிரித்தார். இரண்டு நெட்டை, இரண்டு குட்டை உள்ளவை ஒரு வகுப்பு. லினேரியா அதில் இருந்தது. சம உயரத்தில் ஐந்து உள்ளவை வேறு வகுப்பு.

1742-இல் உப்சாலா பல்கலைக்கழக மாணவர் மாக்னஸ் சியோபெரி, ஸ்டாக்ஹோமை ஒட்டிய கடலோரத் தீவு ஒன்றிலிருந்து ஒரு செடியைக் கொண்டுவந்தார். தண்டு, இலை, மணம் எல்லாம் சாதாரண லினேரியா வல்காரிஸ். பூ மட்டும் வேறு. மேலுதடும் இல்லை, கீழுதடும் இல்லை. நீண்ட குழாய், நாலாபுறமும் ஒரே மாதிரி. அடியில் ஒரு வாலுக்குப் பதில் ஐந்து வால்கள். உள்ளே நான்குக்குப் பதில் ஐந்து மகரந்தத்தாள்கள். பேராசிரியர் ஓலோஃப் செல்சியஸ் மூலம் அது லின்னேயஸின் கைக்கு வந்தது. யாரோ விளையாட்டுக்காக வேறு பூவை இந்தச் செடியில் ஒட்டிவிட்டார்கள் என்றே அவர் முதலில் நினைத்தார்.

ஒட்டு வேலை இல்லை என்று உறுதியானதும் அவர் அடைந்த கலக்கத்தை இன்று நாம் குறைவாக மதிப்பிட்டுவிடக் கூடாது. தான் வகுத்த முறைப்படியே இந்தச் செடி தன் தாய் இனத்தை விட்டு வேறொரு வகுப்புக்குப் போயாக வேண்டும். 1744-இல் இதைப் பற்றி ஒரு தனி ஆய்வுரை வெளியானது. கிரேக்கத்தில் விகாரப் பிறவியைக் குறிக்கும் சொல்லைக் கொண்டு செடிக்குப் பெலோரியா என்று பெயரிட்டார். பசு ஓநாய்த் தலையோடு கன்று ஈன்றால் எவ்வளவு வியப்போ அதற்கு இது குறைந்ததல்ல என்று எழுதினார். இனங்கள் படைப்பின்போது எத்தனையோ அத்தனைதான், புதிதாக எதுவும் தோன்றுவதில்லை என்று சில ஆண்டுகளுக்கு முன்வரை சொல்லிவந்தவர் அவர். இப்போது, லினேரியா வேறு ஏதோ செடியோடு கலந்து புது இனம் பிறந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். விளக்கம் தவறுதான். ஆனால் இனங்கள் மாறாதவை என்ற நம்பிக்கையில் அவருக்கு விழுந்த முதல் பெரிய கீறல்களில் ஒன்று இந்த மஞ்சள் பூவால் விழுந்தது.

அடுத்த நூற்றாண்டில் சார்லஸ் டார்வின் இந்த உறவுக்காரர்களிடம் இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் விசேஷம். சாதாரண ஆண்டிரைனத்தைப் பெலோரியா வகை ஆண்டிரைனத்தோடு கலந்தார். முதல் தலைமுறை முழுவதும் சாதாரணப் பூ. அவற்றின் விதையிலிருந்து வந்த 127 செடிகளில் 88 சாதாரணம், 37 பெலோரியா, 2 இடைப்பட்டவை. 1868-இல் வெளியான நூலில் இந்த எண்களை அச்சிட்டார். பட்டாணிச் செடிகளை வைத்து மெண்டல் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தை 1866-இலேயே வெளியிட்டிருந்தார். அதே விகிதத்தின் நிழல் டார்வினின் கையிலும் இருந்தது. அவர் அதை விகிதமாகப் பார்க்கவில்லை. மறைந்திருக்கும் ஒரு போக்கு தலைமுறை தாண்டி எழுவதாக மட்டும் விளக்கினார்.

இன்னொரு முறை, வேறு எதற்காகவோ லினேரியா வல்காரிஸை இரண்டு பாத்திகளில் விதைத்தார். ஒன்றில் தன் மகரந்தத்தால் உண்டான விதை, மற்றதில் பிற செடியின் மகரந்தத்தால் உண்டான விதை. இரண்டாம் பாத்தியின் செடிகள் கண்ணுக்குத் தெரியும்படி உயரமாகவும் திடமாகவும் வளர்ந்தன. ஒரே தலைமுறையில் இவ்வளவு வேறுபாடு இருக்க முடியாது என்று அவரே முதலில் நம்பவில்லை. அந்த ஐயம் பதினோரு ஆண்டுச் சோதனைகளாக விரிந்து, 1876-இல் தன் மகரந்தச் சேர்க்கை, அயல் மகரந்தச் சேர்க்கை பற்றிய பெரிய நூலாக முடிந்தது.

பெலோரியாவின் புதிர் அவிழ்ந்தது ஆண்டிரைனம் வழியாக. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் எர்வின் பௌர் இதை மரபியல் ஆய்வுச் செடியாக ஆக்கியிருந்தார். இங்கிலாந்தில் நாரிச் நகரின் ஜான் இன்னஸ் மையத்தில் என்ரிகோ கோயன் குழு 1996-இல் சைக்ளோய்டியா என்ற மரபணுவைப் பிரித்தெடுத்தது. இது இளம் பூவரும்பின் மேல்பக்கத்தில் மட்டும் வேலை செய்கிறது. இதுவும் இதன் இணை மரபணுவான டைகோட்டோமாவும் 'இது மேல்பக்கம்' என்று அரும்புக்கு அறிவிக்கின்றன. மேல் இதழ்கள் மேல் இதழ்களாக உருவெடுப்பதும் ஐந்தாவது மகரந்தத்தாள் நின்றுபோவதும் அந்த அறிவிப்பால்தான். இரண்டும் செயலிழந்தால் பூவின் எல்லாப் பக்கமும் கீழ்ப்பக்கமாகிவிடும். லினேரியாவில் வால் கீழ் இதழில் முளைப்பது. எல்லா இதழும் கீழ் இதழானால் ஐந்து வால்கள் வருவதில் வியப்பில்லை. லின்னேயஸ் எண்ணிய ஐந்தின் கணக்கு இதுதான்.

சைக்ளோய்டியாவுக்கு உறவான மரபணு ஒன்று மக்காச்சோளத்தில் பக்கக் கிளைகளைக் கட்டுப்படுத்துகிறது. புதராகக் கிளைத்த காட்டுப்புல் ஒற்றைத் தண்டுப் பயிரானதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. வளர்ச்சியை இங்கே நிறுத்து, அங்கே விடு என்று சொல்லும் பழைய கருவி. பூவில் ஒரு வேலை, மக்காச்சோளத்தில் ஒரு வேலை.

1999-இல் பிலார் கூபாஸ், கோரல் வின்சென்ட், கோயன் மூவரும் லினேரியாவின் பெலோரியா செடிகளையே எடுத்து ஆராய்ந்து நேச்சர் இதழில் முடிவை வெளியிட்டார்கள். சைக்ளோய்டியாவுக்கு இணையான மரபணு அங்கே உடைந்திருக்கும் என்பதுதான் எதிர்பார்ப்பு. உடையவில்லை. அதன்மீது மெத்தில் தொகுதிகள் என்ற சிறு வேதிக்குறிகள் அடர்த்தியாக ஏறியிருந்தன. அதனால் செல் அதைப் படிக்கவில்லை. புத்தகத்தில் ஒரு பக்கத்தை அடுத்த பக்கத்தோடு பசைபோட்டு ஒட்டிவிட்டால் எழுத்துகள் அழிவதில்லை, படிக்கத்தான் முடியாது, அந்த நிலைதான். சில செடிகளில் ஒரு கிளையில் மெத்தில் விலகும்போது அங்கே சாதாரணப் பூ வந்துவிடுகிறது. ஒரே செடியில் இரு வகைப் பூவும் தென்படுவது இதனால்தான். இந்த அடைப்பு விதை வழியே அடுத்த தலைமுறைக்கும் போகிறது.

மரபணுவின் எழுத்து மாறாமல் அதன் செயல் மட்டும் மாறும் எபிஜெனெட்டிக் மாற்றம் இயற்கையில் பரம்பரையாக வருவதற்கு இது முதன்மையான எடுத்துக்காட்டாகிவிட்டது. சூழல் ஏற்படுத்தும் மாற்றம் வாரிசுக்குப் போகும் என்ற லாமார்க்கின் கருத்து உயிர்பெற்றுவிட்டது என்று இதை வைத்து எழுதுபவர்கள் உண்டு. அது மிகை. மெத்தில் ஏறியது தெரியும். சூழலின் எந்தத் தூண்டுதலாலும் ஏறியது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

நம் தோட்டங்களிலும் இதற்கு ஒப்பான காட்சி இருக்கிறது. அடுக்குச் சங்குப்பூ என்று வளர்க்கப்படும் வகையில், ஒற்றைச் சங்குப்பூவின் அகன்ற பெரிய இதழைப் போலவே மற்ற இதழ்களும் விரிந்துவிட்டிருக்கும். இருபக்கச் சமச்சீர் குலைந்து வட்ட அமைப்பை நோக்கிப் போன பூ அது. லினேரியாவில் எல்லா இதழும் வாலுள்ள கீழ் இதழாகின. இங்கே எல்லாம் அந்தப் பெரிய இதழின் சாயலைப் பெறுகின்றன.

இனிக் குடும்பத்துக்கு வருவோம். இதழ்கள் இணைந்து உதடுகளாகப் பிரிந்த பூ, நான்கு மகரந்தத்தாள், ஏராளமான விதை உள்ள உலர்ந்த காய்: இந்தப் பண்புகளால் கட்டி வைத்த பொதி ஸ்குரோபுலாரியேசியே. சுமார் 5,000 சிற்றினங்கள். தும்பைக் குடும்பத்தில் சேராதது, முண்டகக் குடும்பமான அகாந்தேசியேவில் சேராதது, வேறெங்கும் பொருந்தாதது எல்லாம் இதில் விழுந்தது என்று சொன்னாலும் தவறில்லை. 1995-இல் ரிச்சர்ட் ஓம்ஸ்டெட்டும் பாட்ரிக் ரீவ்ஸும் பசுங்கணிகத்தின் மரபணு வரிசைகளை ஒப்பிட்டபோது இந்தப் பொதிக்குள் ஒரே மூதாதையின் வழிவந்த கூட்டம் இல்லை, தனித்தனிக் கிளைகள் பல இருக்கின்றன என்று தெரிந்தது. 2001-இல் இன்னும் விரிவான ஆய்வு குடும்பத்தை முறைப்படி பிரித்தது. ஒட்டுண்ணிகள் ஓரோபாங்கேசியே பக்கம் போயின. கரும்பிலும் சோளத்திலும் வேரைப் பற்றி உறிஞ்சும் சுடுமல்லி அப்படிப் போனது. அங்கே முன்பே இருந்தது புகையிலைத் தோட்டங்களில் பச்சையமே இல்லாமல் முளைக்கும் புகையிலைக் காளான் என்ற பூச்செடி. தமிழ்நாட்டு உழவர்களுக்கு இரண்டும் ஒரே வகைத் தொல்லை. வகைப்பாடும் இப்போது அவர்கள் பக்கம் வந்துவிட்டது.

லினேரியா, ஆண்டிரைனம், இதயநோய் மருந்தான டிகாக்சின் தரும் டிஜிட்டாலிஸ், நீர்ப்பிரமி, தரிசுகளில் முளைக்கும் சர்க்கரை வேம்பு, வீட்டுத் தோட்டங்களில் சிவப்புக் குழல்களாய்த் தொங்கும் ரசேலியா எல்லாம் மற்றொரு கிளை. அந்தக் கிளைக்கு நடுவே உட்கார்ந்திருந்தது பிளான்டாகோ, அதாவது இசப்கோலின் பேரினம். பெயர் வைப்பதில் கொஞ்ச காலம் இழுபறி. வெரோனிகேசியே, ஆண்டிரைனேசியே என்ற பெயர்களும் புழங்கின. பெயரிடல் விதிகளில் பாதுகாக்கப்பட்ட பெயருக்கே முன்னுரிமை என்பதால் 1789-இலிருந்து இருந்துவரும் பிளான்டாஜினேசியே வென்றது. அழகான பூக்களின் கூட்டம் முழுவதும் ஒரு சவ்வுப் பூவின் பெயரைச் சுமக்க வேண்டியதாயிற்று. பலருக்கு இன்றும் அது உறுத்துகிறது. எனக்கு அதில் ஒரு நியாயம் தெரிகிறது.

பிளான்டாகோ இவ்வளவு காலம் தனியே இருந்ததற்குக் காரணமே அதன் பூ உறவினர்களைப் போல இல்லாததுதான். நான்கு சிறு மடல்கள், ஆரச் சமச்சீர், வெளியே நீட்டிக்கொண்டு காற்றில் ஆடும் மகரந்தத்தாள்கள். காற்றை நம்பும் செடிக்குக் கதவும் வேண்டாம், உதடும் வேண்டாம், தேனும் வேண்டாம். பிளான்டாகோ மேஜர் என்ற சிற்றினத்தை ஆராய்ந்து 2011-இல் வெளியான ஆய்வு, பூவுக்கு மேல்பக்கத்தை அறிவிக்கும் அதே மரபணு வலைப்பின்னல் அதில் படிப்படியாகச் சிதைந்திருப்பதைக் காட்டியது. லின்னேயஸின் தீவில் ஒரு செடிக்கு நேர்ந்தது போன்ற ஒன்று, இங்கே ஒரு முழுப் பேரினத்தின் இயல்பாகிவிட்டது. வழிகள் வேறு: அங்கே மெத்தில் அடைப்பு, இங்கே மரபணுக்களே தொலைந்தும் மழுங்கியும் போனது. அந்த ஒரு பண்பை வைத்து 200 ஆண்டுகளாகப் பிளான்டாகோவைத் தனி வீட்டில் குடியமர்த்தியிருந்தோம்.

எதிர்த்திசையிலும் இதே பாடம் உண்டு. இருபக்கச் சமச்சீர் பூக்கும் தாவரங்களில் பலமுறை தனித்தனியே தோன்றியிருக்கிறது. அவரைக் குடும்பத்திலும் லினேரியாவின் வம்சத்திலும் சைக்ளோய்டியா வகை மரபணுக்களே அந்த வேலைக்குத் தனித்தனியே அமர்த்தப்பட்டிருக்கின்றன. ஆகவே உதடு இருப்பதும் உறவுக்கு உறுதியல்ல, இல்லாததும் அந்நியத்துக்கு உறுதியல்ல.

ஒப்பான தோற்றம் ஏமாற்றிய கதை லினேரியாவோடு நிற்கவில்லை. அதைத் தின்னும் வண்டு வரை போனது. மஞ்சள் லினேரியா, அதாவது லினேரியா வல்காரிஸ், அழகுக்காகவும் மருந்துக்காகவும் வட அமெரிக்காவுக்குக் குடியேறிகளோடு போனது. 18-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே, மேய்ச்சல் நிலத்தைக் கெடுக்கும் களை என்று பிலடெல்பியாவின் தாவர ஆர்வலர் ஜான் பார்ட்ரம் அதைச் சபித்து எழுதினார். கிள்ளி எறிந்தால் போகாது. மண்ணுக்குள் பக்கவாட்டில் ஓடும் வேரின் சிறு துண்டிலிருந்தும் புதுத் தண்டு கிளம்பும். பின்னர் 19-ஆம் நூற்றாண்டில் அதன் உறவான லினேரியா டால்மாட்டிகாவும் தோட்டச் செடியாக வந்து சேர்ந்தது. நன்றாக வளர்ந்த ஒரு செடி ஓராண்டில் 5 லட்சம் விதைகள் வரை தரக்கூடியது. மேற்கு மாநிலங்களின் புல்வெளிகளில் இது பெரும் தலைவலி.

தாயகத்தில் இவற்றின் தண்டைத் துளைத்து உள்ளேயே வளரும் மெசினஸ் ஜாந்தினஸ் என்ற கூன்வண்டைக் கொண்டுவந்து 1991-இல் கனடாவிலும் 1996-இல் அமெரிக்காவிலும் விட்டார்கள். சில இடங்களில் டால்மாட்டிகா சரிந்தது. சில இடங்களில் அதே வண்டு எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை. மஞ்சள் லினேரியாவில் ஒரு மாதிரி, டால்மாட்டிகாவில் ஒரு மாதிரி. 2011-இல்தான் காரணம் அச்சேறியது. ஒன்று என்று எண்ணி வளர்த்துப் பரப்பியதில் இரண்டு இனங்கள் கலந்திருந்தன. மஞ்சள் லினேரியாவைத் தின்பது ஜாந்தினஸ். டால்மாட்டிகாவைத் தின்பது மெசினஸ் ஜாந்தினிஃபார்மிஸ் என்று புதிதாகப் பெயர் சூட்டப்பட்டது. கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே நீலக் கருவண்டு. இப்போது இரண்டு லினேரியாக்களும் வட அமெரிக்காவில் தம்முள் கலந்து, விதை ஈனும் கலப்பினங்களையும் உண்டாக்கியிருக்கின்றன. தாயகத்தில் பெரும்பாலும் தனித்தனி வட்டாரங்களில் வாழ்ந்த இரு செடிகளை ஒரே மலைச்சரிவில் கொண்டுவந்து சேர்த்தது மனிதர்கள்தாம். இந்தக் கலப்பின் மீது எந்த வண்டை விடுவது என்பது களை ஆய்வாளர்களின் தற்போதைய வேலை.